முதுகளவு

ஊரில் வயதானவர்களில் பாதிப் பேர் பெரியவள் செய்த பல்லைத்தான் காட்டிச் சிரித்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை. பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து, அதில் வார்த்த மாவுக்கட்டியை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அவள் அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல் நட்டு, பிறகு மெழுகை எடுத்துவிட்டு ஈறு நிறப் பசையை அழுத்தி வேகவைத்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். முகம் தெரியாது, குரல் தெரியாது. யார் எந்தப் பக்கம் மென்று தின்கிறார் என்பது மட்டும் தெரியும்.

வேலை செய்யும் அறை ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. சன்னல் கூரையை ஒட்டி இருந்ததால் தெருவில் போகிறவர்களின் கால்கள்தான் கண்ணில் படும். உள்ளே வாய்கள், வெளியே கால்கள், நடுவில் இருக்கிற மனுஷனை நான் பார்ப்பதே இல்லை என்று தங்கையிடம் சொல்லுவாள். அதைக் கேட்டுச் சிரிக்கத் தங்கை வீட்டில் இருந்த காலம் அது.

பெரியவள், சின்னவள் என்பது அடுக்குமாடிக்காரர்கள் வைத்த பெயர். அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தங்கையும் அந்த மூன்றாம் மாடி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இருவருக்கும் கல்யாணப் பேச்சு வந்தது; வந்த வழியே போனது. சின்னவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். சமையல் பெரியவள், தையல் சின்னவள், சண்டை இருவரும். ஒருத்திக்குத் தலை வலித்தால் இன்னொருத்தி மாத்திரை போட்டுக்கொள்வாள் என்று கீழ்வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

இருவருக்கும் பொதுவாக ஓர் ஆசை இருந்தது. வடக்கே, மலைமுகட்டின் மேலேயே போகும் ஒரு நடைபாதை. ஒரு வாரம் நடந்தால் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கலாம். இரவு தங்க ஆங்காங்கே குடில்கள் உண்டு. அதைப் பற்றி எங்கோ கேள்விப்பட்ட நாளிலிருந்து “அடுத்த வருஷம் போறோம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வருஷம் வீட்டில் குழாய் வெடித்தது. ஒரு வருஷம் சின்னவளுக்கு மஞ்சள் காமாலை. ஒரு வருஷம் காரணமே இல்லை.

பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில், சின்னவள் கல்யாணம் செய்துகொண்டாள்.

மாப்பிள்ளை, அவள் தினமும் வேலைக்குப் போன பேருந்தின் ஓட்டுநர், மனைவியை இழந்தவர். “இன்னைக்குக் கூட்டம்”, “இன்னைக்கு லேட்டு” என்று பேசியே இருவரும் காரியத்தை முடித்துவிட்டார்கள். பெரியவளிடம் சின்னவள் மூச்சு விடவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது சின்னவள் தலை நிமிராமல் சொன்னாள். அவருக்கு வேறு ஊர்ப் பணிமனைக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். தானும் அங்கேயே போய் வேலை தேடிக்கொள்ளப் போகிறாளாம்.

பெரியவள் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டித் துண்டைத் தட்டிலேயே வைத்தாள்.

“போயேன். யாரு வேண்டாம்னா?”

“கோவமா அக்கா?”

“எனக்கென்ன கோவம்? உன் வாழ்க்கை, உன் இஷ்டம்.”

கோபம் இல்லை என்று சொன்ன வாய் அதற்கப்புறம் தேவைக்கு மேல் ஒரு சொல் உதிர்க்கவில்லை. பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். விருந்துக்கு நிற்கவில்லை. தலைக்கு மேல் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அன்று ஒரு வேலையும் இல்லை. அடித்தள அறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்து, தெருவில் போகும் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சின்னவள் போன் செய்வாள்.

“மழை பெஞ்சுதா?”

“பெஞ்சுது. அங்க?”

“தூறல்தான். முட்டி வலி எப்படி இருக்கு?”

“இருக்கு, அதுபாட்டுக்கு.”

“சரி அக்கா. வெச்சுடவா?”

“வெச்சுடு.”

இப்படியே இரண்டு மழைக்காலம் போனது. சின்னவள் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாள். பெரியவள் பார்க்கலாம் என்றாள். பார்க்கவில்லை.

முட்டிக்காகத்தான் அந்த வருடம் மருத்துவரிடம் போனாள். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏதாவது மலை கிலை ஏறுகிற ஆசை இருக்கிறதா என்று கேட்டார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டதுதான். பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இருக்கு” என்றாள்.

“இருந்தா தள்ளிப் போடாதீங்க. இந்த முட்டி இன்னும் கொஞ்ச காலம்தான் சொன்ன பேச்சு கேக்கும். ஒண்ணு மட்டும், சுமை கூடாது. முதுகுல ஏத்துற ஒவ்வொரு கிலோவும் முட்டியிலதான் இறங்கும்.”

அப்படித்தான் அவள் எடை குறைந்த பைகளைத் தேட ஆரம்பித்தாள். மலை நடப்பவர்களுக்கென்றே காகிதம் போல மெல்லிய துணியில், உள்ளே கம்பியோ சட்டமோ இல்லாமல் செய்கிறார்கள் என்று போனில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஒரு வாரத்துச் சாமான் கொள்ளும். வெறும் பை அரைக்கிலோகூட இராது. வெள்ளை நிறத்தில் ஒன்று பிடித்துப்போயிற்று. வாங்கலாம் என்று அழுத்தியபோது அளவு கேட்டது.

உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள், முதுகின் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள் என்று போட்டிருந்தது. உயரமானவருக்குக் குட்டை முதுகு இருக்கலாம். குட்டையானவருக்கு நீள முதுகு இருக்கலாம். தலையைக் குனிந்தால் பின்னங்கழுத்தில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேராக முதுகுத்தண்டில் வரும் இடம் வரைக்கும் அளக்க வேண்டும். பையின் இடுப்புப் பட்டை அந்த எலும்பின்மேல் உட்கார்ந்தால் சுமை இடுப்பில் இறங்கும். இல்லாவிட்டால் தோள்தான் வாங்கும். கடைசியில் ஒரு வரி. இந்த அளவை நீங்களாக எடுக்க வராது, வீட்டில் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள்.

பெரியவள் அந்த வரியைத் திரும்பவும் படித்தாள்.

எடுக்க வராதாமே, அதையும்தான் பார்க்கலாம் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். அலமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு, அளவு நாடாவைப் பின்னால் தொங்கவிட்டாள். நாடாவைப் பிடித்தால் கண்ணாடி நழுவியது. கண்ணாடியைப் பிடித்தால் நாடா நழுவியது. வேலைக்கு வைத்திருக்கும் ஒட்டு மெழுகைச் சூடாக்கி நாடாவின் நுனியைக் கழுத்தெலும்பில் ஒட்டினாள். சுட்டது. ஒட்டவும் செய்தது. ஆனால் அளவைப் படிக்கத் தலையைத் திருப்பினால் முதுகு வளைந்து நாடா மேலே ஏறியது. குனிந்தால் ஓர் அளவு, நிமிர்ந்தால் ஓர் அளவு, மூச்சை இழுத்தால் வேறொன்று. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. மெழுகைப் பிய்த்தபோது கழுத்து மயிர் நாலும் கூடவே வந்தது.

நாடாவைக் கையில் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தாள். அங்கே இருந்த அம்மாள் நல்ல மாதிரிதான், பார்த்தால் சிரிப்பாள். கதவு திறந்தது.

“சொல்லுங்க?”

சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டி, என்னை அளந்து சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது? நாக்கு நுனி வரை வந்ததைப் பெரியவள் மென்று விழுங்கினாள்.

“உங்க வீட்ல தண்ணி வருதா?”

“வருதே. உங்களுக்கு வரலையா?”

“வருது. சும்மா கேட்டேன்.”

திரும்பி வந்து, எடுத்த அளவுகளில் ஏதோ ஒன்றை நம்பி, நீள முதுகுப் பையைக் கேட்டு அனுப்பினாள்.

பை வந்தது. பார்சலைக் கையில் வாங்கியபோது வெறும் உறையை அனுப்பிவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது. சாமானை நிரப்பி மாட்டிப் பார்த்தாள். இடுப்புப் பட்டை எலும்பைத் தாண்டி இறங்கித் தொடையில் உட்கார்ந்தது. பட்டையை ஏற்றி இறுக்கினால் தோள்வார் தோளைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நின்றது. இடைவெளியில் நாலு விரல் நுழைந்தது. விற்றவர்களைக் கூப்பிட்டாள். ஒரு பெண் இனிமையாகப் பேசினாள்.

“மாத்திக்கலாம் மேடம். பையை மாட்டிட்டுப் பக்கவாட்டுல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பார்த்து எந்த அளவு சரியா இருக்கும்னு சொல்றோம்.”

“நானே எப்படி எடுக்கிறது?”

“வீட்ல யாரையாவது எடுக்கச் சொல்லுங்க மேடம்.”

பெரியவள் சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பல்செட் சரியாக உட்காரவில்லை, ஈறு புண்ணாகிறது என்று யாராவது போய்ச் சொன்னால் சில மருத்துவர்கள் “பழகிடும்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதைக் கேட்டாலே பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பொருந்தாதது பழகாது, புண்தான் பழகும் என்று அவர்களிடமே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். அவள்தான் இப்போது கண்ணாடி முன்னால் வாரை இழுத்துவிட்டு, “பழகிடும்” என்றாள். உரக்கவே சொன்னாள். கேட்க ஆள் இல்லை.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள். பல் மருத்துவர்களிடம் மட்டும் ஒரு வாரம் மாவுக்கட்டி அனுப்ப வேண்டாம் என்றாள்.

முதல் நாள் பாதை அவளை ஏமாற்றவில்லை. இருபக்கமும் புல் சரிந்து இறங்கியது. மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. இத்தனை வருஷம் வாயில் வைத்து மென்ற இடம் நிஜமாகவே இருக்கிறதே என்று நின்று நின்று பார்த்தாள். “பாரேன்” என்று இரண்டொரு தரம் வாய் தானாகச் சொன்னது. மத்தியானம் ஆனபோது பை பேச ஆரம்பித்தது. இடுப்பில் இறுக்கினால் மொத்தப் பையும் பின்னால் சாய்ந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. தோளில் இறுக்கினால் பாரம் முழுவதும் தோளில் ஏறி வார் அறுத்தது. கொஞ்ச தூரம் அதற்கு, கொஞ்ச தூரம் இதற்கு என்று மாற்றி மாற்றி இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

குடிலில் இருந்தவர்கள் எல்லாம் ஜோடியாகவோ கூட்டமாகவோ வந்தவர்கள். காலையில் கிளம்பும்போது ஒருவர் பையை ஒருவர் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்தார்கள், முறுக்கிய வாரைத் திருப்பிவிட்டார்கள், முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்கள். பெரியவள் மூலையில் நின்று, பையை மேசைமேல் வைத்து, மேசைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கையை நுழைத்து மாட்டிக்கொண்டாள். அதுவும் ஒரு வித்தைதான், கற்றுக்கொண்டுவிட்டாள்.

அன்று காற்று பலம். ஓர் ஏற்றம் ஏறி முடித்ததும் மூச்சு வாங்க ஒரு பாறையில் சாய்ந்தாள். சாய்ந்தபடியே சறுக்கி உட்கார்ந்தாள். சர்ரென்று சத்தம் கேட்டது. சட்டைதான் கிழிந்தது என்று நினைத்தாள். கழற்றிப் பார்த்தால் பையின் அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வாயைப் பிளந்திருந்தது. படுக்கைப் பை எட்டிப் பார்த்தது. கனமில்லாத துணிக்குத் தோலும் இல்லை. தொங்கிய பை உரசியிருக்கிறது. இடுப்போடு ஒட்டி நின்றிருந்தால் பாறை தொட்டிருக்காது. இன்னும் உற்றுப் பார்த்தாள். இடது தோள்வார் பையோடு சேரும் இடத்தில் தையல் ஓட்டைகள் ஒவ்வொன்றும் இழுபட்டுக் கண் போல விரிந்திருந்தன. இரண்டு நாளாகக் கோணலாக இழுத்த இழுப்பு. பொருந்தாத பல்செட்டும் இப்படித்தான், ஒரே பக்கம் அழுந்தி அழுந்தி அங்கேயே விரிசல் விடும். அவளுக்குத் தெரியாததில்லை.

அவளிடம் பல்லிடுக்கு நூல் ஒரு சுருள் இருந்தது. அதைப்போல உறுதியான நூல் இல்லை. ஊசியும் இருந்தது. மடியில் பையை வைத்துக் கிழிசலை மூட்டினாள். தோள்வாருக்கும் நாலு தையல் குறுக்கே போட்டாள். துணி மெல்லியதாக இருந்ததால் ஊசி குத்திய ஒவ்வோர் இடமும் இன்னொரு கிழிசலுக்கு வழியாகத் தெரிந்தது. அப்போது போன் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை. முகட்டில் சிக்னல் இருந்திருக்கிறது.

“மழை பெஞ்சுதா அக்கா?”

“இல்ல.”

“என்ன இரைச்சல்? சன்னலைத் திறந்து வெச்சிருக்கியா?”

பெரியவள் பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். காற்று போனுக்குள் புகுந்து ஊளையிட்டது.

“எங்க இருக்க நீ?”

“மலைல.”

“எந்த மலை?” கேட்ட மாத்திரத்தில் சின்னவளுக்கே விளங்கிவிட்டது. “நம்ம பாதையா?”

“ம்.”

“கூட யாரு?”

“யாருமில்ல.”

“என்னை விட்டுட்டுப் போயிட்டியா அக்கா?”

பெரியவளுக்கு ஒரு நிமிஷம் காதையே நம்ப முடியவில்லை. “நான் விட்டுட்டுப் போனேனா? நல்லா இருக்கே! போனது யாரு?”

“நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். உன்னை விட்டுப் போகல. வாரா வாரம் கூப்பிடுறேனே, மழை பெஞ்சுதான்னு தெரிஞ்சுக்கவா கூப்பிடுறேன்? அங்க மழை பெஞ்சா எனக்கென்ன, பெய்யலேன்னா எனக்கென்ன?” சின்னவளின் குரல் உடைந்தது. “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ‘வரியாடி’ன்னு ஒரே ஒரு வார்த்தை.”

அக்கா ஏதோ சொன்னாள். சிக்னல் போய்விட்டிருந்தது. சொன்னது காற்றோடு போயிற்று.

அடுத்த குடில் வரைக்கும் அவள் பையைத் தோளில் மாட்டாமல், குழந்தையைத் தூக்குவது போல முன்னால் அணைத்துக்கொண்டு நடந்தாள். அந்தக் குடிலிலிருந்து ஒரு கிளைப்பாதை கீழே சாலைக்கு இறங்கியது. அதற்கப்புறம் கடைசி வரை இறங்க வழி இல்லை என்று குடில்காரர் சொன்னார். தோள்வாரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் காலையில் மற்றவர்கள் மேலே போனார்கள். பெரியவள் கீழே இறங்கினாள். சாலையில் இரண்டு பக்கமும் பேருந்து வந்தது. ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று தங்கை இருக்கும் ஊருக்கு. எதில் ஏறுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குப் போகும் வண்டி போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கதவைத் திறந்தவர் ஓட்டுநர். கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு. அவர் பெரியவளைவிட மூத்தவர்; இருந்தாலும் முறைக்கு அவள் அக்கா.

“வாங்க அக்கா, வாங்க வாங்க” என்று பதறி, கிழங்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “எனக்கு இன்னைக்குக் காலை ஷிப்ட். அவ பள்ளிக்கூடம் விட்டு வர நேரம்தான்.”

எதற்கு வந்தாய், ஏன் சொல்லாமல் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார். பையை வாங்கி ஓரமாக வைக்கப் போனவர் நிமிர்ந்தார்.

“உள்ள ஒண்ணுமில்லையா?”

“எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.”

“அடேயப்பா” என்றார். கிழிசலைத் தடவிப் பார்த்தார். “கனம் இல்லாதது நல்லதுதான். ஆனா பாருங்க...” என்று இழுத்தவர், அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் கிழங்கு உரிக்கப் போய்விட்டார். கொஞ்சம் கழித்துச் சமையலறையிலிருந்து குரல் வந்தது. “நேத்து பூரா அழுதுட்டிருந்தா அக்கா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

சின்னவள் வந்தாள். படியேறி வந்த மூச்சு இரைத்தது. வாசலில் அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். போனில் அது தெரியவில்லை.

“முகமெல்லாம் கறுத்துப் போச்சு” என்றாள், கோபமாக.

“வெயில்.”

“தொப்பி வெச்சுக்கிறதுக்கென்ன?” கைப்பையை வீசிவிட்டு அருகில் வந்தவள் அக்காவின் கழுத்தோரம் சட்டையை விலக்கினாள். இரண்டு தோளிலும் சிவந்து கன்றிப்போயிருந்தது. “என்ன இது?”

“பை பொருந்தல.”

“அளந்து வாங்கலையா?”

பெரியவள் தங்கையையே பார்த்தாள். யார் அளப்பது என்று கேட்கவில்லை. கேட்காமலே சின்னவளுக்கு எட்டிவிட்டது. முகம் மாறியது.

“திரும்பு.”

“வேண்டாம் விடு.”

“திரும்புன்னா.”

பெரியவள் திரும்பினாள். தலையைக் குனி என்று சின்னவள் சொல்லவில்லை, தானே குனிந்துகொண்டாள். கழுத்தெலும்பில் கட்டை விரல் வந்து பதிந்தது. அங்கிருந்து சாண் விரிந்து முதுகில் இறங்கியது. எத்தனையோ வருஷம் அவளுக்குச் சட்டை தைத்த கை. சுண்டு விரல் பட்ட இடத்தில் கட்டை விரலை வைத்து மறுபடி விரிந்தது, இடுப்பில் நின்றது. அந்த வீட்டைவிட்டுச் சின்னவள் போன பிறகு தன்மேல் வேறு ஒருவர் கை படுவது இதுதான் முதல் தடவை என்பது பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரில் ஓர் ஆணியையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்படியும் கண் சொன்னபடி கேட்கவில்லை.

சின்னவள் இன்னொரு தரம் அளந்தாள்.

“குறைஞ்சுட்ட அக்கா.”

“என்ன?”

“உனக்கு நான் தைச்ச அளவு எனக்கு மனப்பாடம். ரெண்டு விரல் குறைஞ்சிருக்க. வயசாச்சுன்னா முதுகு இறங்கும்னு சொல்லுவாங்க.” கையை எடுக்காமலே சொன்னாள். “நீ குட்டை முதுகு. எப்பவுமே நீ குட்டை முதுகுதான். யாரு உன்னை இந்தக் கோணிப்பையை வாங்கச் சொன்னது?”

இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று பக்கத்தில் நின்ற ஓட்டுநருக்குத் தெரியவில்லை. அவர் ஒன்றும் பார்க்காதவர் போல அடுப்பைப் பார்க்கப் போனார்.

சாப்பாடு ஆன பிறகு பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது பெரியவள் கேட்டாள்.

“கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?”

சின்னவள் வெளியே எட்டிப் பார்த்தாள். கீழே யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வந்திருக்க மாட்டேன்” என்றாள். “ஆனா நீ கூப்பிட்டிருக்கணும்.”

“முடியலையா? மூச்சு வாங்குதே உனக்கு.”

“மூச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அங்க போகணும்கிற ஆசை இப்ப இல்ல அக்கா. எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியல. ஒரு நாள் தேடினேன், இல்ல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் மழையைப் பத்தியே பேசிட்டிருந்தேன்.”

பெரியவளுக்கு அது தோள் வலியைவிட வலித்தது. தங்கை தன்னைவிட்டுப் போனதைக்கூட ஒருவழியாகச் செரித்துக்கொள்ளலாம். அந்த மலையை விட்டுப் போயிருப்பாள் என்று நினைத்ததே இல்லை. அங்கே முகட்டில் நின்று “பாரேன்” என்று சொன்னது யாரிடம்?

“நீ போ” என்றாள் சின்னவள். “மிச்சத்தையும் போய் முடி. நல்ல பையா வாங்கிட்டுப் போ. ஆனா போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போ. நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

“சரி.”

“வாய்ல சரி சொல்லிட்டு...”

“சரின்னேன்ல.”

உள்ளே பாத்திரம் கழுவச் சின்னவள் எழுந்து போனாள். ஓட்டுநரும் கூடச் சேர்ந்துகொண்டார். குழாய்ச் சத்தத்துக்கு மேலே இருவரும் ஏதோ பேசுவது கேட்டது. தாழ்ந்த குரல், நடுவில் சிரிப்பு, மறுபடி பேச்சு. தன்னைப் பற்றி இல்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டதைப் பற்றி. பல வருஷம் பெரியவளும் அந்த மாதிரிப் பேச்சில் பாதியாக இருந்தவள்தான். அது எப்படி இருக்கும் என்று தெரியும். அவள் பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தாள், யாராவது வந்து கூப்பிடும் வரைக்கும்.

காலையில் மூவரும் ஒன்றாகவே கிளம்பினார்கள். பள்ளிக்கூடத் திருப்பத்தில் சின்னவள் பிரிந்தாள். போனவள் திரும்பி வந்து அக்காவின் காலரைச் சரிசெய்துவிட்டு மறுபடி போனாள்.

பெரியவளின் நகரத்துக்குப் போகும் முதல் வண்டி ஓட்டுநருடையது. அவர் சீருடை மாட்டிக்கொண்டதும் வேறு ஆளாகிவிட்டார். “அக்கா, நீங்க முன்னாடி உக்காருங்க” என்று தன் பின்னால் இருந்த இருக்கையைக் காட்டிவிட்டு ஏறினார். ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று தலைக்கு மேல் எழுதியிருந்தது. இருவரும் பேசவில்லை. கிழிந்த பை அவள் மடியில் கிடந்தது. வெளியே வயல், பெட்ரோல் நிலையம், நிறம் போன சுவர்கள், மறுபடி வயல். ஓரிரு தரம் மேலே இருந்த கண்ணாடியில் அவர் கண் அவளைத் தேடி, சரியாக இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பியது.

அவள் தெருமுனையில் நிறுத்தமே இல்லை. ஆனாலும் வண்டி நின்றது. இறங்கும்போது அவர் எழுந்து வந்து பையை எடுத்துக் கொடுத்தார்.

“அடுத்த தடவை சொல்லாம வந்தாலும் பரவாயில்ல அக்கா. வாங்க.”

“வரேன்.”

தெரு அகலமானது, கார்கள் விடாமல் வந்தன. அவள் நடைபாதை விளிம்பில் நின்று இடைவெளிக்குக் காத்திருந்தாள். பின்னால் பேருந்து இன்னும் கிளம்பவில்லை. அதற்கும் பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. உள்ளே பயணிகள் எழுந்து நின்று என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள். ஓட்டுநர் அசையவில்லை. அவள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் ஏறி நின்ற பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அது திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பெரியவள் அங்கேயே நின்றாள். பிறகு சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு நடந்தாள்.